கடல் வரலாம்

என் குரல் நான் வசிக்காத ஓர் ஊரில் இருக்கிறது. நான் பெங்களூரில், ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். குரலோ கிழக்குக் கடற்கரையில், என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில், ஒலிபெருக்கிக் கம்பத்தின் மேல் இருக்கிறது. அதை அங்கே ஏற்றி வைத்தது நான் வேலை பார்க்கும் எண்ணெய், எரிவாயு நிறுவனம்.

தலைமையகம் வெளிநாட்டில். இங்குள்ள அலுவலகத்தில் அவர்களுடைய இங்கிலீஷைத் தமிழாக்குவது என் வேலை. அக்கா ஊரின் ஓரத்தில் நிறுவனத்தின் எரிவாயுக் கிடங்கு இருப்பதால், ஊர்க்காரர்களுக்கு வருடாவருடம் ஒரு தமிழ்ப் புத்தகம் கொடுப்பார்கள். அதில் பாதிக்குமேல் பருவநிலை மாற்றம்தான். அட்டையில் பச்சை இலை, உள்ளே காற்றாலை, அதன் கீழே சிரிக்கும் குழந்தை. எண்ணெய் என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் படித்தால் ஏதோ நாற்றுப்பண்ணை நடத்துகிறவர்கள் என்றே நினைப்பார்கள்.

வருங்காலத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது சட்டப் பிரிவின் கட்டளை. இங்கிலீஷில் ஒவ்வொரு வரியிலும் ஒரு ‘மே’ இருக்கும். தமிழில் நான் ஒரு ‘லாம்’ போட வேண்டும். வெப்பம் கூடலாம். மழை தவறலாம். கடல்மட்டம் உயரலாம். பக்கம் பக்கமாக லாம் லாம் என்று தட்டி எனக்கு அந்த எழுத்துகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒரு வருடம் புத்தகத்தோடு ஒரு எச்சரிக்கை அறிவிப்பும் வந்தது. கடல் பொங்கினால் கம்பங்களில் ஒலிக்க வேண்டியது. அதிலும் அதே சட்டப் பிரிவு கைவைத்திருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தபோது இப்படி வந்தது: “அன்பான ஊர் மக்களே, கடல்நீர் ஊருக்குள் வரலாம். மக்கள் மேட்டுப் பகுதிக்குச் செல்லலாம். அமைதி காக்கவும்.”

அதை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். தமிழில் இந்த ‘லாம்’ இரண்டு வேலை பார்க்கும். மழை வரலாம் என்றால் சந்தேகம். உள்ளே வரலாம் என்றால் அழைப்பு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடலை வாங்க வாங்க என்று கூப்பிடுவதுபோல் இருந்தது அந்த வரி. ‘கடல் வருகிறது, உடனே கிளம்புங்கள்’ என்று மாற்றி எழுதி மேலாளரிடம் கொண்டுபோனேன்.

மேலாளர் பெங்களூர் காக்ஸ் டவுன்காரர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் அசைய மாட்டார்.

“வருதுன்னு சொல்லிட்டு வரலைன்னா யாரும்மா பதில் சொல்றது? லீகல்ல ஓகே ஆன ஸ்கிரிப்ட். சும்னே அப்படியே விட்டுடு,” என்றார். ‘சும்மா’ அவர் வாயில் கன்னடமாகத்தான் வரும்.

“வந்துட்டா?”

“அதுக்குத்தான் வரலாம்னு சொல்லியிருக்கோமே.”

அதற்குமேல் பேசினால் பல்லைக் கடித்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும். தலைமையகத்துக்கு நானே எழுதினேன். அக்கறைக்கு நன்றி, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள்.

வாசிக்க வெளியாள் எதற்கு, உன் குரலே நன்றாக இருக்கிறது என்று என்னையே உட்கார வைத்தார்கள். நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. அங்கே பேசினால் குரல் எதிலும் படாமல் வாயை விட்டு வெளியே போய்விடும். வாசித்து முடித்து இயர்போனில் கேட்டேன். என் குரல்தான், ஆனால் என்னைவிட மிகவும் சாந்தமாக இருந்தது. வீட்டில் யாரும் என்னை அவ்வளவு சாந்தமாகக் கேட்டதில்லை.

கம்பங்களில் போட்டுப் பார்த்த அன்று மதியம் அக்கா கூப்பிட்டாள். சமையலறையில் நின்றுகொண்டிருந்தாளாம்.

“ஏய், மேலேர்ந்து நீ பேசறடி! கையில இருந்த கரண்டியைப் போட்டுட்டேன். அதை ஏன்டி உள்ள வரச் சொல்ற?”

‘அது’ என்றால் கடல். ஒருமுறை ஊருக்குள் வந்து போனதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் கடல் என்று பேர் சொல்ல மாட்டார்கள். ‘அது இன்னிக்கு அமைதியா இருக்கு’ என்பார்கள். நான் பேரைச் சொன்னதோடு நில்லாமல் கூப்பிட்டும் விட்டேன் என்று அவளுக்கு வருத்தம்.

பிறகு பேச்சோடு பேச்சாக, “கிடங்கைச் சுத்தி உங்க கம்பெனி சுவர் எங்க தென்னை ஒசரத்துக்கு வந்துடுச்சு. ராவும் பகலும் கட்றாங்க,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் லாம் போட்டவர்கள் சுவருக்குச் சிமென்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் அது சந்தேகம்.

அதன்பின் என் குரல் என்னைத் தொடர ஆரம்பித்தது. ஒருநாள் காலை தெருமுனையில் என் சாந்தமான குரல் கேட்டது. ஊருக்குள் வரலாம், வரலாம் என்று நெருங்கி வந்தது. எழுந்து ஓடிப் பால்கனிக் கதவைத் திறந்தேன். குப்பை வண்டி. ஸ்பீக்கரில் ஒரு பெண் கன்னடத்தில் ஹசி கசா, ஒண கசா என்று ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் கேட்டுக்கொண்டு போனாள். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படியா பயப்படுவது என்று குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. பெங்களூரில் வெறும் தூறல்தான். அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். மாமா வெளியூரில். அவளும் மகளும் மட்டும்தான் வீட்டில். ஓவென்ற காற்றுச் சத்தம். அதற்கு நடுவே, துளியும் பதறாமல், நான்.

“...கடல்நீர் ஊருக்குள் வரலாம். மக்கள் மேட்டுப் பகுதிக்குச் செல்லலாம்...”

“அக்கா, கிளம்பலையா?”

“நீ வரலாம்னுதானே சொல்ற? வருதுன்னு சொன்னா கிளம்புவேன். மழைல பிள்ளையை எங்கே இழுத்துக்கிட்டுப் போறது?”

“வருதுக்கா! பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ஓடு!”

போனில் நான் கத்திக்கொண்டிருந்தேன்; கம்பத்தில் நான் அமைதி காக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் அவள் காதில் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள்.

அக்கா ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: “இப்ப பேசறது நீயா, அதுவா?”

நான்தான் என்று சொன்னேன். என் குரலே எனக்கு நம்பும்படி இல்லை. அப்புறம், சின்ன வயதில் நான் மட்டும் அவளைக் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இணைப்பு அறுபடவில்லை. ஒரு கதவு அடித்துக்கொண்டது. பிறகு உள்ளே வந்த தண்ணீர் பாத்திரங்களை உருட்டும் சத்தமும், அதன்மேல் என் குரலும்.

அவர்கள் பிழைத்தார்கள். பள்ளிக்கூட மாடியில் ஏறிக்கொண்டார்கள். வீட்டில் அது ஜன்னல் உயரத்துக்கு வந்து போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கு நனையக்கூட இல்லை.

அடுத்த புத்தகத்தில், எச்சரிக்கை ஏற்பாடு சிறப்பாகச் செயல்பட்டது என்று ஒரு வரி வந்தது. அதில் மட்டும் ‘மே’ இல்லை. நானும் லாம் போடாமல் தமிழாக்கிக் கொடுத்தேன்.

அக்கா இப்போது என்னோடு போனில் பேசுவதில்லை. கோபமெல்லாம் இல்லை, குரலைக் கேட்டால் கால் வீட்டுக்குள் நிற்க மாட்டேன் என்கிறதாம். வாட்ஸப்பில் எழுதுகிறாள், நானும் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்னால், ‘நான் அங்கே வரலாமா?’ என்று கேட்டிருந்தேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக்குறி விழுந்து, பதில் வர வெகு நேரமானது.

‘வாடி. அந்த வார்த்தை மட்டும் வேணாம்.’