சந்தனப் பொட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு

ஆதிகேசவன் தன் காருக்கு வைக்கும் சந்தனப் பொட்டு வண்டியின் நெற்றியில் இருக்காது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, ஓர் ஓரமாக இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பார். நாளடைவில் அது தடித்து, காயப்போட்ட வடகம்போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறியவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். பக்திதான். பொட்டுக்குப் பின்னால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. அது யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதே என்ற பக்தி.

ஆதிகேசவன் நிலத் தரகர். அவருடைய அப்பா ஆறுமுகம் திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டியே காலம் கழித்தவர். அடுத்தவர் நிலத்தில் உழைத்தவருக்குப் பிறந்த மகன், அடுத்தவர் நிலத்தை விற்று வீடு கட்டினார். அதற்கு வேண்டிய ஒரே மூலதனம் அவர் வாயில் இருந்தது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனையைக் காட்டி, “ஏரிக் காத்து சார், ஃபேனே வாணாம்” என்பார். கனகம்மாசத்திரத்தில் சுடுகாட்டை ஒட்டிய மனை ஒன்று நெடுநாள் போகாமல் கிடந்தது. “அக்கம்பக்கத்துல ஒரு சத்தம் வராது, எழுதி வெச்சிக்கோங்க” என்று அதையும் தள்ளிவிட்டார். குறை என்று ஒன்று உலகத்தில் கிடையாது, பார்க்கிறவனை எங்கே நிற்கவைக்கிறோம் என்பதுதான் விஷயம் என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்த வாயைக் கொண்டே ஒரு சிறிய காரும் வாங்கினார். யாரோ ஓட்டிக் களைத்த வண்டிதான். ஆனாலும் அவர் வம்சத்தில் முதல் கார். வாங்கிய அன்றே திருத்தணி மலைமேல் ஏற்றி, முருகன் சன்னதிப் பக்கமாக நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு இறக்கிக்கொண்டு வந்தார்.

வினை, ஆயுத பூஜையில் வந்தது. வண்டிக்கு வெளியே மட்டும் குளிப்பாட்டினால் போதுமா என்று தோன்றியது அவருக்கு. பானட்டைத் திறந்து, வாட்டர் வாஷ் கடைக் குழாயை வாங்கி, என்ஜினுக்குள் பீய்ச்சி அடித்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து உள்ளே கண்ணில் பட்ட ஒவ்வோர் உறுப்புக்கும் பொட்டு வைத்தார். எது பேட்டரி, எது ஒயரின் மூட்டு என்று பேதம் பார்க்கவில்லை. சாமிக்கு முன்னால் எல்லாம் ஒன்று. மறுநாள் சாவியைத் திருகியபோது அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை.

அரக்கோணம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பரசுராமன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

“ஆக்ஸிஜன் சென்சார் போச்சு, அண்ணாத்தே.”

“அது இன்னா பண்ணும்?”

“பொகை போற கொழாயில மூக்கு மாதிரி சொருவியிருப்பாங்க. பொகையில காத்து எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு மோந்து பாத்து உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அத வெச்சித்தான் பெட்ரோல கூட்டிக் கொறைக்கும். நீங்க ஒயர் மூட்டுல தண்ணிய உட்டு, மேல சந்தனத்தையும் அப்பியிருக்கிறீங்க. மூக்குல சந்தனத்த அடைச்சா உங்களுக்கு வாசன தெரியுமா?”

“காய வெச்சா சரியாய்டுமா?”

“ஒயர் மூட்டு மட்டும்னா காய வெச்சிடலாம். இது உள்ளயே போச்சு. மாத்திடுங்க. பின்னால சைலன்சருக்கு முன்ன, பொகைய சுத்தம் பண்ற டப்பா ஒன்னு கீது. மூக்கு தப்பா சொன்னா பெட்ரோல் அதிகமா போவும். எரியாத பெட்ரோல் போய் அந்த டப்பாவ அடைச்சிடும். மூக்கு கம்மி வெல, டப்பா யானை வெல.”

ஆதிகேசவனுக்கு யாராவது விலை சொன்னால் உடனே குறைத்துக் கேட்கத் தோன்றும். பரசுராமனிடம் குறைக்க முடியவில்லை. “கழட்டிக் குடு, ஆளாண்ட காட்டிட்டு வரேன்” என்று அந்தச் சென்சாரைக் கையில் வாங்கிக்கொண்டார். “தொடச்சி கிடச்சி வெச்சிடாதீங்க. எண்ணெ, பெட்ரோல், சோப்புத் தண்ணி ஒன்னும் அதும்மேல படக்கூடாது” என்று பரசுராமன் எச்சரித்தது காதில் விழாமல் இல்லை.

விரலளவு இரும்பு, முனை முழுக்கக் கரி. அவர் காட்டப்போன ஆள் வீட்டில்தான் இருந்தாள். மனைவி புஷ்பலதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“குத்துவிளக்கு இதவிடக் கறுத்துப் போயிருந்துச்சி. புளி போட்டுத் தேச்சா போவாதா?”

போயிற்று. புளியும் கோலமாவும் போட்டுத் தேய்த்ததில் சென்சார் தங்கம்போல மின்னியது. முனையில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில் புளிச்சக்கை போய் உட்கார்ந்தது. அதைத் துடைப்பக் குச்சியால் நோண்டி எடுத்தார்கள். இதையெல்லாம் மகள் மோனிஷா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். வேதியியல் படித்தவள்.

“நைனா, அது சென்சாரா, சாம்பார் கரண்டியா?”

“ஒன் படிப்ப அப்புறம் காட்டு. பளபளன்னு கீது பார்.”

பளபளப்பானதைப் பரசுராமனிடமே கொண்டுபோய் மாட்டி, ஸ்கேனரால் பழைய புகாரை அழித்ததும் விளக்கு அணைந்தது. ஆதிகேசவன் அந்த வாரம் டீக்கடையில் பரசுராமனை ஒரு திருடனாக்கிப் பேசினார். பேசி முடித்த சூட்டோடு விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை அவர் பட்டறைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை. கையில் சந்தனம் இருந்தது. விளக்கும் எதிரில் இருந்தது. ஒழுகும் சுவரில் சாமி காலண்டர் மாட்டி வீடு விற்றவருக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா?

அதன்பின் வண்டி பெட்ரோலைக் குடித்தது. பின்னால் கறுப்புப் புகை வந்தது. தெருவில் நின்றால் பங்க் வாடை அடித்தது. புகைச் சோதனைக்கு அவர் வண்டியைக் கொண்டுபோகவில்லை, போட்டோவை மட்டும் கொண்டுபோனார். சோதனைக் குழாய் பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியின் புகையை மோந்தது. தரச்சான்று வந்தது. மோனிஷா அதைப் பார்த்துவிட்டு, “உங்க வண்டிக்குப் பதிலா வேற வண்டி பரீட்சை எழுதியிருக்குது நைனா” என்றாள்.

இந்தச் சமயத்தில் அவளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை அருண்பாண்டியன் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவன் அப்பா துரைக்கண்ணு அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்திருந்தார். அவர் எதுவும் கேட்கிறவர் அல்ல. அதை அவரே பலமுறை சொன்னார். “நாங்க ஒன்னும் கேக்கல சம்பந்தி. ஊர்ல பெரிய மருமவ அவ அம்மா வூட்டு கார்லயே வந்து எறங்கினா, எங்க சனம் அதையே சொல்லிகினு இருக்குது, அவ்ளோதான்.”

ஆதிகேசவன் ஒரு கணம்தான் யோசித்தார். வாய் முந்திக்கொண்டது.

“எங்க வண்டி இருக்குது சம்பந்தி. முருகன் மலையேறி பூஜ போட்ட வண்டி. புள்ளைக்குத்தான்.”

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். செவ்வாய்க்கிழமை இரண்டு குடும்பமும் மலைக்குப் போகிறார்கள். கல்யாணப் பத்திரிகையை முருகன் பாதத்தில் வைப்பதோடு, காருக்கு மாலை போட்டு அங்கேயே மாப்பிள்ளை கையில் சாவி கொடுப்பதாகப் பேச்சு. சாமி முன்னால் வாங்கியதை எவனும் திருப்பித் தரமாட்டான். வண்டி ஒரே ஒருமுறை மலையேறினால் போதும். ஏறாவிட்டால்? மகள் கல்யாணத்துக்குப் பழுதான வண்டியைத் தலையில் கட்டிய தரகன் என்று திருத்தணி முழுக்கப் பேசும். கல்யாணமே நின்றாலும் நிற்கும். செவ்வாய்க்கிழமை காலை பொட்டைக் கொஞ்சம் கெட்டியாகவே வைத்தார்.

முன்சீட்டில் துரைக்கண்ணு. பின்னால் மோனிஷா, புஷ்பலதா, மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாள். அருண்பாண்டியன் புத்தம்புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் காருக்குப் பின்னாலேயே வந்தான்.

மலைப்பாதையில் முதல் வளைவு வரை ஆதிகேசவன் மூச்சுவிடவில்லை. இழுவை குறைகிறதென்று ஏ.சி.யை அணைத்தார்.

“இன்னா சம்பந்தி, ஏ.சி. போடலியா?”

“மலைக்காத்து சம்பந்தி. காசு குடுத்தாலும் கெடைக்காது.”

மலைக்காற்றில் பெட்ரோல் வாடை கலந்திருந்தது. ஜெயம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். துரைக்கண்ணுவுக்கு வேர்த்து ஊற்றியது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்ததில் நெற்றியில் இருந்த திருநீறு அத்தனையும் போயிற்று. கண்ணாடியில் தன் வெறும் நெற்றியைப் பார்த்தவருக்கு முகம் வாடியது. சாமி பார்க்கப் போகும்போது பாழ் நெற்றியா? சுற்றும்முற்றும் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கெட்டியாக, ஈரம் காயாமல் சந்தனம்.

“முருகா!” என்று கையை நீட்டி நகத்தால் சுரண்டினார். கொஞ்சம் எடுக்கத்தான் நினைத்தார். பல வெள்ளிக்கிழமைகளின் சந்தனமும் ஒரே வில்லையாகப் பெயர்ந்து அவர் கைக்கு வந்தது. அதை உள்ளங்கையில் நசுக்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கண்ணைத் திறந்தார். எதிரே மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

“இது இன்னா சம்பந்தி, லைட்டு?”

“அதுவா? என்ஜின் ஓடுதுன்னு காட்டுறது. என்ஜின் நின்னா அணைஞ்சிடும்.”

என்ஜின் நின்றது. வண்டி ஒருமுறை இருமியது, குலுங்கியது, வளைவின் நடுவில் அப்படியே அமர்ந்துவிட்டது. விளக்கு அணையவில்லை. அதற்குத் துணையாகச் சிவப்பில் இன்னும் இரண்டு விளக்குகள் சேர்ந்துகொண்டன. டேஷ்போர்டு கார்த்திகை தீபம்போல ஜொலித்தது.

பின்னால் பைக் வந்து நின்றது. கறுப்புச் சட்டை போட்ட யாரோ என்று புஷ்பலதா நினைத்தாள். உற்றுப் பார்த்தபின்தான் மாப்பிள்ளை என்று தெரிந்தது. பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

துரைக்கண்ணு இறங்கினார். அவர் நெற்றியில் சாட்சியம் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது.

“ஒன்னுமே கேக்காத எங்களுக்கா சம்பந்தி இத்த மறைச்சிக் குடுக்கப் பாத்தீங்க?”

ஆதிகேசவனின் வாய் பிறந்த நாளிலிருந்து முதல்முறையாக வேலைக்கு வரவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு மோனிஷா இறங்கினாள்.

“கேக்காதவங்களுக்கு ஏன் மாமா குடுக்கணும்? வாணாம். வண்டி எங்க நைனாவுதாவே இருக்கட்டும். அவரே மாத்தவேண்டியத மாத்தி, அவரே ஓட்டட்டும்.”

“நீ சும்மா இரு மோனி” என்றாள் புஷ்பலதா.

அருண்பாண்டியன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி, “கார் வாணாம்னு நான் அப்பவே சொன்னேன்” என்றான்.

“எங்க சொன்னீங்க? மனசுக்குள்ளயா?” என்றாள் மோனிஷா.

ஜெயம்மாள்தான் முதலில் சிரித்தாள். அருண்பாண்டியன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினான். “நைனா, இப்ப வாய் உட்டே சொல்றன். கார் வாணாம். இந்த வண்டி பின்னால வந்ததுக்கே எனக்கு இருமல் புடிச்சிகிச்சி. பத்திரிகய எடு, நடப்போம்.”

துரைக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதுவும் கேட்காதவர் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பத்திரிகை முருகன் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கார் மட்டும் பாதி மலையில் நின்று, போகிற வருகிற பக்தர்களின் ஹாரன்களை வாங்கிக் கட்டிக்கொண்டது.

கல்யாணம் நடந்தது. மோனிஷா அம்மையார்குப்பத்துக்கு வேனில் போனாள்.

பரசுராமன் வண்டியைக் கட்டி இழுத்துவந்தார். சென்சாரோடு டப்பாவும் போயிருந்தது. யானை விலையை ஆதிகேசவன் பேரம் பேசாமல் கொடுத்தார். பரசுராமன் பழைய சென்சாரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்து, “இன்னும் புளி வாசன அடிக்குது” என்றார். இனி என்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சக்கூடாது, ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதுவும் எரிந்து சென்சாரில்தான் படியும், ஒயரை எலி கடிக்காமல் பார்க்க வேண்டும், விளக்கு எரிந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமே இதையெல்லாம் தானே கண்டுபிடித்தவர்போல ஆதிகேசவன் டீக்கடையில் உபதேசம் செய்துகொண்டிருந்தார். “மூக்கு மாதிரிப்பா அது. உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போவுது?”

வெள்ளிக்கிழமை புஷ்பலதா தானே சந்தனத்தோடு வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையை நீட்டினாள். அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அங்க வாணாம்.”

“ஏங்க, சாமிக்குப் பொட்டு வெக்கிற எடம்.”

“வாணான்றன் இல்ல? பானட்டு மேல வை.”

வண்டி ஓட்டும்போது அந்த வெற்றிடத்தை அடிக்கடி பார்ப்பார். விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கும் தன்னைப் பார்ப்பதுபோலவே அவருக்கு இருந்தது. அன்று மாலை கனகம்மாசத்திரத்துக்கு ஒரு சென்னைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் நிற்கும் மனை ஒன்றின் ஓரத்தில் காரை நிறுத்தியதும் சென்னைக்காரர் கேட்டார்.

“மழை பெஞ்சா இங்க தண்ணி நிக்குமாங்க?”

ஏரிக் காத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆதிகேசவனின் கண் தானாக டேஷ்போர்டுக்குப் போயிற்று. சுத்தமாக, ஒரு பொட்டும் இல்லாமல் இருந்தது கண்ணாடி.

“கொஞ்சம் நிக்கும்” என்றார்.

சென்னைக்காரர் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை. அவரைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஆதிகேசவன் நேராகப் பட்டறைக்கு வந்தார்.

“இன்னாத்த மாட்டி உட்ட பரசுராமா? அத்த மாட்டினதுல இருந்து யாவாரமே போச்சு.”

“வண்டி எதுனா மக்கர் பண்ணுதா?”

“வண்டிக்கு ஒன்னுமில்ல, நல்லாத்தான் ஓடுது” என்றார் ஆதிகேசவன் எரிச்சலோடு.