அந்தப் பக்கமும் கரண்ட் இல்லை

ஃபேன் சுழன்று சுழன்று ஓய்ந்தால் இப்போதும் ஒருகணம் அண்ணாந்து பார்ப்பேன். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நான் ஒரு இன்டர்நெற் கபே நடத்தினேன். அங்கே ஃபேன் நின்றால் ஊருக்கே கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். எல்லாக் கொம்பியூட்டரும் ஒன்றாக இருளும். "நாசமாய்ப் போச்சு" என்று முதலில் குரல் கொடுப்பது என் அக்காவின் புருஷன், அத்தான்தான்.

அத்தான் ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றவர். பின்னேரம் கடை பூட்டியதும் என்னிடம் வந்து இணைய விளையாட்டில் உட்காருவார். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை. சண்டை போடுவதைவிட, யாருடைய படை எங்கே போகிறது என்ற செய்தியை மாற்றிக்கொள்வதில்தான் அவருக்கு ருசி. ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவார். வாங்கியதையும் நம்பமாட்டார், இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார். அக்கா வாங்கிவரும் மீனையே செவுளைத் தூக்கிப் பார்க்கிற மனிசன், வேறென்ன செய்வார்? அவரிடம் ஒருபோதும் பொய் சொல்லாத ஒரே ஆள், 'கடற்காகம்' என்ற பெயரில் விளையாடிய ஒருவர். தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதுவார். எந்த ஊர் என்று இருவருமே கேட்டதில்லை. அந்த நாளில் அதைக் கேட்டால் கேட்டவனைத்தான் சந்தேகிப்போம்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. "கரண்ட் போயிட்டுது, மன்னியுங்கோ" என்று வழமைபோல அத்தான் தட்டி அனுப்பிய அதே நேரம், கடற்காகத்திடமிருந்தும் அதே மன்னிப்பு வந்து விழுந்தது. அடுத்த முறையும் அப்படியே. அத்தானின் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, இந்த ஆள் எங்கட ஊரிலதான் இருக்குது."

"நல்லதுதானே அத்தான், தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுங்கோ."

"விசர்க் கதை கதையாதை. படை எங்க போகுது, எப்ப போகுதெண்டு மாசக்கணக்கா எழுதியிருக்கிறம். அவன் ஆரெண்டு உனக்குத் தெரியுமே? ஆமி பிடிச்சுக்கொண்டு போனால் விளையாட்டெண்டு சொல்லி வெளியில வர ஏலுமே?"

அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் இருவருமாக அளந்தோம். பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து வரும் புடவை வியாபாரியையும் விடவில்லை, மயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு சாதாரண உடுப்பில் வந்துபோகும் இளைஞனையும் விடவில்லை. பிறகு அத்தான் விளையாட வருவதையே நிறுத்திவிட்டார்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் வந்து திறந்து பார்த்தார். வருடக்கணக்காகக் கட்டிய கோட்டை தரைமட்டம். கடற்காகம் அனுப்பிய செய்தி வாசிக்கப்படாமல் கிடந்தது.

"உங்கட கோட்டைக்குப் படை வருகுது, வெள்ளிக்கிழமை வந்து சேரும். இங்க கரண்ட் போற நேரம் அங்கயும் போகுதெண்டு எனக்கு முந்தியே தெரியும். பயத்தில எழுதாமல் விட நினைச்சனான், மனம் கேக்கேல்லை. நான் ஆரெண்டு தேடாதையுங்கோ. எனக்குப் பிள்ளையள் இருக்கு."

வாசித்துவிட்டு அத்தான் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்களைவிட அந்த மனிதர்தான் பயந்திருக்கிறார் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "எனக்கும்" என்று அத்தான் தட்டினார். திரும்பிக் கடைவாசலைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு எழும்பினார்.