கணினிக்குள் எரிந்த பல்பு

போன வாரம் சேலத்தில் ஒரு துணிக்கடையில், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தார்கள். அந்தப் பூஞ்சை வாடை மூக்கில் ஏறியதும் துணி வாங்கும் எண்ணமே போய்விட்டது. ஏற்காட்டில் குப்பை கொட்டியவர்களுக்கு அந்த வாடை தெரியும். தொண்ணூறுகளில் அங்கே ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு மாடியில் நானும் குமரேசனும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். ஐப்பசி வந்தால் செருப்பு, பெல்ட், ஃபிளாப்பி எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். அதற்காகவே துணி அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிடுவது அங்கே வழக்கம்.

குமரேசன் பக்கத்துக் கிராமமான தலைச்சோலைக்காரன். காப்பி விளைவிக்கிற குடும்பம். கம்பெனிகளுக்கு வேலை கேட்டுப் போய், "எந்தக் காலேஜ்?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தவன்.

எங்களிடம் ஒரு பழைய கணினி இருந்தது. ஒரு எஸ்டேட் ஆபீஸ் வேண்டாமென்று தள்ளிவிட்டது. அதைச் செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது. பெரிய கணினிகளில் ஓடும் யுனிக்ஸைப் போலவே நடந்துகொள்ளும் இலவச இயங்குதளம் ஒன்று அப்போது சிடியில் கிடைத்தது, மூல நிரலோடு. ஆனால் அது வேறு ரகச் சிப்புக்கு எழுதியது. எங்கள் பெட்டியில் ஓட வேண்டுமானால் அடிப்பகுதியையே மாற்றி எழுத வேண்டும். அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

"எதுக்குப்பா இந்தப் பாடு?" என்றேன்.

"எழுதறவிய பேர பைலுக்கு மேல போடறாங்கல்லங்க. அதுல எம் பேரு இருக்கோணும். அங்க யாரும் காலேஜு கேக்க மாட்டாங்க."

மழைக்காலம் முழுக்க எழுதினான். பெட்டி கிளம்பும், பாதி வழியில் உறைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில். நினைவகத்தைக் கையாளும் பகுதியை அழித்து அழித்து எழுதினான். சோறு இறங்கவில்லை. "எனக்கு அறிவு பத்தலீங்க" என்று ஒருநாள் சொன்னபோது பாவமாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், பெட்டிக்குள் இருந்த பல்பு ஃபியூஸ் போனது. ஆமாம், ஈரம் அண்டக்கூடாதென்று அலமாரியில் வைப்பது போலவே கணினிக்குள்ளும் ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தோம். வேறு பல்பு வாங்கச் சோம்பல்பட்டு அப்படியே இயக்கினோம். நிற்காமல் ஓடி, "உள்ளே வருபவர் யார்?" என்று பெயர் கேட்கும் வரிக்கு வந்துவிட்டது. அந்தப் பல்பின் சூட்டில்தான் சிப்பு இத்தனை நாள் மயங்கி விழுந்திருக்கிறது. நிரலில் தப்பே இல்லை. வேறு எந்த ஊர்க்காரனும் கணினிக்குள் பல்பு எரித்திருக்க மாட்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். குமரேசன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான்.

பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, இணைய இணைப்பு இருந்த ஒரு கடையிலிருந்து, அந்த இயங்குதளத்தைப் பராமரிப்பவர்களுக்கு நிரலை அனுப்பினான். ஏற்றுக்கொண்டார்கள். கோப்பின் தலையில் அவன் பெயர், பக்கத்தில் ஊர்ப்பெயரும்.

சென்டர் மூடிப்போனது. பெட்டி பழைய இரும்புக்குப் போனது. குமரேசன் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அவனையும் மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. அந்த மகள் இப்போது கோவையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நான் துணிக்கடைக்குப் போய்வந்த மறுநாள் போன் செய்தாள்.

"ஏனுங்க மாமா, பிரண்ட்ஸுக்குக் காட்டலாம்னு அப்பா பைலத் தேடினனுங்க. புது வெர்சன்ல காணமுங்க."

பார்த்தேன். அந்த ரகக் கணினியை இப்போது யாரும் வைத்திருக்கவில்லை என்று, அதற்கான பகுதியையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். நியாயம்தான், என்ன சொல்ல. பழைய பதிப்பில் அப்படியேதான் இருக்கும் கண்ணு, அழியாது, என்றேன்.

"இருக்குதுங்க மாமா, பாத்தேன்" என்றாள். "நானும் நீங்களும் போயிட்டா, அத யாருங்க தொறப்பாங்க?"