மரத்தைத் தட்டிப் பார்த்தவன்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. போன மாதம் வரை அதில் செம்மஞ்சள் நிறப் பட்டி ஒன்று தொங்கியது. மரத்தில் ஏறுகிறவன் விழாமலிருக்க இடுப்பில் கட்டும் பட்டி. அதற்காக அதை யாரும் ஒருநாளும் கட்டவில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முதலில் எங்கள் பழைய முதலாளி வக்கீல் மேல், பிறகு என் மேல்.

இத்தாலியில், பலேர்மோ நகரில், அந்த வக்கீல் வீட்டில் நானும் என் மனைவியின் தம்பியும் வேலை செய்தோம். மச்சான் வந்து எட்டு மாதம்தான். இத்தாலி மொழி அவனுக்குப் பிடிபடவில்லை. வக்கீலுக்கு வில்லால் மான் வேட்டையாடும் பைத்தியம். மலைப்பக்கத்துக் குடும்பக் காணியில் மான் பெருகிவிட்டதென்று அனுமதி வாங்கினார், மரத்தில் மாட்டும் இரும்புப் பரண் ஒன்றும் வாங்கினார். அதைப் பூட்ட ஒரு ஞாயிறு காலை எங்களைக் கூட்டிப்போனார். ஞாயிறு எங்களுக்கு லீவு. அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

மச்சான் வன்னிக்காரன். வயலில் பரண் கட்டிப் பன்றிக்குக் காவல் இருந்தவன். போனவுடனே குளம்புத் தடம் ஓடைக்கு இறங்கும் வழியைக் கண்டுபிடித்தான். புழுதியை விரலால் கிள்ளி விட்டுக் காற்றுப் பார்த்தான். நம் வாடை மானுக்குப் போகாத பக்கமாக, தடத்திலிருந்து சற்றுத் தள்ளி, இலை அடர்ந்த ஓக் மரம் ஒன்றைக் காட்டினான். வக்கீல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் மொட்டையாக நின்ற பெரிய மரம்தான் அவருக்கு வேண்டும்; அங்கிருந்து ஓடை முழுவதும் தெரியுமாம். மச்சான் போய் அதன் அடியைக் கத்திப்பிடியால் தட்டினான்.

"அத்தான், உது செத்த மரம். உள்ளுக்குக் கோறை. ஆள் பாரம் தாங்காது. அவருக்குச் சொல்லுங்கோ."

நான் என்ன சொன்னேன்? "அந்த ஓக் மரமும் நல்லது என்கிறான், சிஞ்ஞோரே." அவ்வளவுதான். இந்த நாட்டில் தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டிய வேலைக் கடிதம் அந்த வாரம் அவருடைய மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அவர் முகம் சுளிக்குமோ என்ற பயத்தில் மச்சானுடைய பேச்சை அரைவாசியாக்கிக் கொடுத்தேன். வக்கீல் சிரித்துவிட்டு, மேட்டு மரத்தைக் காட்டி ஏறச் சொன்னார். பட்டி உறை பிரிக்காமல் காருக்குள் கிடந்தது. அது அவர் ஏறும்போது கட்டுவதற்காம். மச்சான் என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பித்தான் ஏறினான்.

பரணைப் பூட்டி அதன்மேல் ஒரு காலை வைத்தபோது மரம் முறிந்தது. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. அப்போதுதான் பட்டியின் உறையைக் கிழித்தேன், அவன் காலை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்ட. ஆசுப்பத்திரியில் வக்கீல், தோட்டத்து எலுமிச்சையில் கொப்பு வெட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தான் என்றார். நானும் தலையாட்டினேன். மானங்கெட்ட தலை. கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. மச்சானுக்கு ஒரு கால் நீளம் குறைந்து கட்டையாகிப் போனது.

அது நடந்து ஆறு வருடம். இப்போது மச்சான் என்னைவிட நன்றாக இத்தாலி மொழி கதைப்பான். போன மாதம் வியா மக்வேதா தெருவில் இருவரும் போகும்போது வக்கீல் எதிரே வந்தார். அவன் நொண்டுவதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு என்னிடம், "மரம் பழுதென்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏற விட்டிருப்பேனா?" என்றார். பொய்யனுக்கு அந்த ஒன்றில் மட்டும் உண்மை வாய்த்தது. அவருடைய கழுத்தைப் பிடிக்கலாம் போல் இருந்தது. எந்த உரிமையில் பிடிப்பது?

கபோ சந்தை வரும்வரை மச்சான் எனக்கு முன்னால் நடந்தான். மீன்கடைக்காரர்களின் கூச்சலுக்கு நடுவில் நின்றான்.

"நான் சொன்னனான் அத்தான்."

"ஓம்."

"நீங்கள் சொல்லேல்லை."

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆணியிலிருந்த பட்டியைக் கழற்றிச் சுருட்டினான். "இது என்ரை காலுக்குக் கட்டினது. நான் கொண்டு போறன். ஏனெண்டு அக்கா கேட்டால் நீங்களே சொல்லுங்கோ. இந்த முறை முழுசாய்ச் சொல்லுங்கோ."

அவன் அதற்குப் பிறகு வரவில்லை. மனைவி தினமும் கதவைச் சாத்தும்போது கேட்கிறாள், பட்டி எங்கே என்று. ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.