ஒட்டகத்துக்குத் திரித்த கயிறு

2009 என்று நினைக்கிறேன். சிதம்பரத்தில் நான் சமூக அறிவியல் நடத்திய பள்ளியில் கண்காட்சி. பாலைவனத்துப் பழைய பாறை ஓவியம் ஒன்றின் போட்டோவைக் கடலூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் கொடுத்து, 'ஒட்டகத்தைப் பழக்கிய மனிதன்' என்று பேனர் அடிக்கச் சொல்லியிருந்தேன்.

கண்காட்சியன்று காலை பஸ்ஸில் வந்த பேனரைப் பிரித்தால், மனிதனையும் ஒட்டகத்தையும் இணைத்த கோட்டைக் காணோம். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நடுவுல ஒரு கீறல் இருந்துச்சு சார். அசிங்கமா தெரிஞ்சுது, எடுத்துட்டேன்."

"கல்யாண போட்டோன்னு நெனச்சீங்களா? அது கீறல் இல்ல, கயிறு. கயிறு இல்லைன்னா அது காட்டு ஒட்டகம்."

அவரைத் திட்டிக்கொண்டே மார்க்கரை எடுத்து, மனிதன் கையிலிருந்து ஒட்டகத்தின் மூக்கு வரை நானே கயிறு வரைந்து மாட்டினேன்.

மதியம் அவரே வேறொரு பேனரோடு வந்து நின்றார்.

"நீங்க திட்டுனது சரிதான் சார். இருந்தது இருந்தபடியே போட்ருக்கேன்."

விரித்துப் பார்த்தேன். கோடு இருந்தது. ஆனால் அது மூக்குக்குப் போகவில்லை. விறைப்பாக நேரே போய் ஒட்டகத்தின் நெஞ்சில் முடிந்தது. ஈட்டியாகவும் இருக்கலாம். எத்தனையோ முறை பார்த்த படம்தான். பழக்கிய ஒட்டகம்தான் வேண்டும் என்றிருந்த எனக்கு அது கயிறாகவே தெரிந்திருக்கிறது.

அவர் ஒரு கோட்டை அழித்ததோடு நிறுத்திக்கொண்டார். கயிறு திரித்தவன் நான்தான்.

காலையில் மாட்டிய பேனரைக் கழற்றப் போனேன். அதற்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைந்து, ஒட்டகத்தின் கழுத்தில் மணியும் கட்டியிருந்தார்கள்.