வளைவில் கேட்காத ஆரன்

போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பொம்பளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. அடிவாரத்து முந்தலைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவோம். கொண்டை ஊசி வளைவு வந்ததும் பேச்சு நின்றுவிடும். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு, வளைவு தாண்டியதும் மீதியைச் சொல்லுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வண்டி ஓட்டுகிறவர் ஆரன் அடிப்பார். மேலேயிருந்து இறங்குகிற வண்டி வளைவுக்குள் வந்துவிட்டிருந்தால் பதிலுக்கு நீட்டி அடிக்கும். நான் வந்துவிட்டேன், நீ நில் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் வழியில் யாரும் இல்லை, ஏறலாம். அதனால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுப்போம். மலையில் மூடுபனியை மஞ்சு என்று சொல்லுவோம். மஞ்சு இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலையே கிடையாது, காதுதான்.

இந்த ரோட்டில் எத்தனையோ வருஷம் போய் வந்தும் எனக்குப் பயம் விட்டதில்லை. ஜீப்பில் போன காலத்தில் பள்ளத்துப் பக்கம் உட்காரவே மாட்டேன். என் மருமகன் ஒரு பழைய கார் வாங்கி, அதிலேயே வேலைக்குப் போய் வர ஆரம்பித்த பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. நாங்கள் காய் எடுக்கிற தோட்டத்தில்தான் அவருக்கும் வேலை. காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். காலையில் என்னையும் அடுத்த வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் கூட்டி வருவார்.

மகளைக் கட்டிக்கொடுத்து இத்தனை வருஷமாகியும் மருமகனிடம் நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எதுவானாலும் மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். காரில் பின் சீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன். அடுத்த வீட்டுக்காரி எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

கார் ஏற்றத்தில் திணறுகிறது என்று மருமகனுக்குக் குறை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இஞ்சினுக்குக் காற்று தாராளமாகப் போனால் இழுவை கூடும் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவீதியில் சாமான் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, மகளையும் என்னையும் வைத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

மெக்கானிக் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று தட்டையாக, சிவப்புத் துணி மடித்து வைத்தது போல இருந்தது.

"அண்ணே, இது காத்த வடிகட்டுற பழைய பில்டர் டப்பாவுக்குள்ளயே உக்காந்துரும். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். ஆனா பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியாது, அதையும் சொல்லிப்புடுறேன்."

இரண்டாவது காளான் மாதிரி, பின்னால் ஒரு குழாயோடு. "இதுக்கு டப்பாவக் கழட்டிறணும். காத்து தாராளமாப் போகும். சத்தமும் தாராளமா வரும்."

மூன்றாவது நீளக் குழாய். "இது பம்பருக்குப் பின்னால, கீழ வரைக்கும் எறங்கும். குளுந்த காத்தா எடுக்கும். ஆனா மழையில ரோட்டுல தண்ணி ஓடுச்சுன்னா தண்ணியையும் சேத்துக் குடிச்சிரும். குடிச்சா இஞ்சின் அம்புட்டுத்தேன்."

எனக்கு அந்த நீளக் குழாயைப் பார்த்ததும், மழைக்காலத்தில் மலை ரோட்டில் தண்ணீர் குறுக்கே பாய்கிற இடங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதில் நடுவழியில் வண்டி நின்று, பின்னாலேயே உருண்டால்? மகளின் கையைக் கிள்ளினேன்.

மகள் சொன்னாள்: "ஏங்க, தண்ணி குடிக்கிறது மட்டும் வேணாங்க."

"அது எனக்குத் தெரியாதா? காளானையே மாட்டுப்பா. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது, கேக்க நல்லாத்தான இருக்கும்" என்றார் மருமகன்.

எனக்கு உயிர் வந்தது. ஆபத்து அந்த நீளக் குழாயோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரில் காலை அழுத்தியதும் கார் 'ஹோ'வென்று இரைந்தது.

"என்ன மாப்ளே, முன்னால புலி கிலி கட்டிப் போட்டிருக்கியா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"இழுவையப் பாருங்கத்தே, இழுவைய!" என்று அவர் சிரித்தார். இழுவை உண்மையில் கூடித்தான் இருந்தது. இதற்கு முன் முக்கி முனகி ஏறுகிற இடத்தில் சும்மா ஏறியது. வெயில் நாட்களாக இருந்ததால் எதிரே வருகிற வண்டி தூரத்திலேயே தெரிந்தது. நாங்கள் வழக்கம் போல வளைவில் பேச்சை நிறுத்தினோம், வளைவு தாண்டித் தொடர்ந்தோம்.

பிறகு ஒரு காலையில் மஞ்சு இறங்கியது. காருக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான். வளைவு வந்தது. அடுத்த வீட்டுக்காரி தன் ஓரகத்தியைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். மருமகன் ஏற்றத்தில் அழுத்திய காலை எடுக்காமலே ஆரன் அடித்தார். நான் காதைக் கொடுத்தேன். பதில் இல்லை. காலை இன்னும் அழுத்தினார், கார் இரைந்துகொண்டு ஏறியது.

வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில். அவர் பிரேக்கில் ஏறி நின்றார். மேலேயிருந்து இறங்கி வந்த ஜீப்பும் கிறீச்சிட்டு நின்றது. இரண்டு வண்டியின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. என் பக்கத்து ஜன்னலில் கீழே பார்த்தேன். ரோடு தெரியவில்லை, மஞ்சுதான் தெரிந்தது. கதவைத் திறந்திருந்தால் கால் எங்கே போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது.

ஜீப்புக்காரர் தலையை நீட்டினார். "வளைவுக்குள்ள எறங்கிட்டேன்னுதானய்யா நீட்டி அடிச்சேன்! காதுல என்ன பஞ்சா?"

"நீ எங்க அடிச்ச?" என்றார் மருமகன்.

"மலைக்கே கேட்டுச்சு, ஒனக்குக் கேக்கலையா?"

அன்று முழுக்கக் காய் எடுக்கக் கை வரவில்லை. செடிக்கடியில் குனிந்திருந்தபோது அடுத்த வீட்டுக்காரி பக்கத்தில் வந்தாள். "அக்கா, அந்த ஆரன் ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல."

"எனக்கும் கேக்கல. காது போயிருச்சோன்னு பயந்தே போனேன். யார்ட்டயும் சொல்லாத."

எனக்கும் அதே பயம்தான். வயசாகிவிட்டது, காது அடைத்துவிட்டது, இனி வண்டியில் நான் வெறும் மூட்டை என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் இறங்கும்போது ஒவ்வொரு ஆரனும் கேட்டது. கீழே எங்கோ வருகிற பஸ்சின் ஆரன்கூடக் கேட்டது. இறக்கத்தில் அவர் காலை அழுத்துவதில்லை, அந்தக் காளான் சத்தம் போடுவதில்லை. ஏறும்போதுதான் அது எல்லாவற்றையும் விழுங்குகிறது. பதில் வரவில்லை என்று நாங்கள் நினைத்து ஏறுகிறோம்.

வீட்டுக்கு வந்து, இதை அவரிடம் சொல்லும்படி மகளிடம் சொன்னேன். அவளோ, "நீயே சொல்லும்மா. நான் சொன்னா, நீ என்னைக்கு மலைக்கு வந்தேன்னு கேப்பாரு" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

காலையில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். ஏறவில்லை.

"ஏறுங்கத்தே, வெரசா. சோலி கெடக்கு."

"நான் ஜீப்புல வர்றேன் மாப்ளே."

உள்ளே உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுக்காரி, "அப்ப நான் மட்டும் சாகணுமாக்கும்?" என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

மருமகன் முகம் சுருங்கியது. "ஜீப்புல பின்னால தொங்கிக்கிட்டுப் போறாக. அது பயமில்ல, இது பயமா?"

"ஜீப்புல ஆரன் கேக்கும்" என்றேன், காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. "எறங்கும்போது எல்லாங் கேட்டுச்சு மாப்ளே. ஏறும்போது ஒண்ணுமே கேக்கல."

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அந்த இரைச்சல் கேட்டது.

ஜீப்பில் நசுங்கிக்கொண்டு ஏறும்போதுதான் உறைத்தது. என் உயிரைப் பார்த்துக்கொண்டு, என் மகளின் புருஷனைத் தனியாக அந்த மஞ்சுக்குள் அனுப்பிவிட்டேன். நாங்கள் இருந்தாலாவது பின்னாலிருந்து கத்துவோம். இப்போது அவர் பக்கத்தில் யாரும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஜீப் ஆரன் அடித்தபோது நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேறு ஏதாவது சத்தம் கேட்டுவிடுமோ என்றுதான் காத்திருந்தேன்.

மேலே ஒரு வளைவுக்கு முன்னால், ரோட்டோரமாக எங்கள் கார் நின்றது. பானெட் தூக்கியிருந்தது. ஆளைக் காணோம். "நிறுத்துங்கண்ணே" என்று எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன். ஜீப்பிலிருந்து இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று போனது.

அவர் காருக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"உங்க ஜீப்பு ஆரன் ரெண்டு வளைவுக்குக் கீழருந்தே கேட்டுச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "வண்டிய அமத்திட்டு உக்காந்துதான் பாத்தேன். வண்டி ஓடும்போது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது அத்தே."

எனக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

பழைய டப்பாவை மெக்கானிக் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அதற்குள் அந்தச் சிவப்புத் துணி பில்டரை வைத்து மூடிக் கொடுத்தார். கார் இப்போது பழையபடி முக்கி முனகித்தான் ஏறுகிறது.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. என்னை முன் சீட்டில் உட்காரச் சொல்கிறார். வளைவு வந்ததும் கண்ணாடியை இறக்கி ஆரன் அடித்துவிட்டு, "அத்தே, கேக்குதா?" என்று என்னைக் கேட்கிறார். அவர் தன் காதை நம்புவதில்லை.

நேற்றும் மஞ்சு. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதானா, இல்லை என் காதுக்குத்தான் எட்டவில்லையா? பின்னால் அடுத்த வீட்டுக்காரி மூச்சுக்கூட விடவில்லை.

"இன்னொரு தடவை அடிங்க மாப்ளே" என்றேன்.

அவர் அடித்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.