கழுவிய கல்லாயுதங்கள்

நான் படிப்பிக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்காலம் என்றால் பாடப்புத்தகப் படம் மட்டும்தான். கையில் கொடுத்துக் காட்டவேண்டும் என்றுதான் நான் கல்லாயுதம் செய்யத் தொடங்கினேன். உரும்பிராயில் எங்கே கிண்டினாலும் சுண்ணாம்புக்கல், தட்டினால் உதிரும். வன்னிக்குப் போகும்போதெல்லாம் வெள்ளைப் படிகக்கல் பொறுக்கி வந்து, வீட்டு வளவுக்குள் குந்தியிருந்து தட்டி, விரலையும் நசித்து, கூரான சில்லுகள் எடுப்பேன்.

ஆசை கூடி, பட்டப்பின் படிப்பையும் அதிலேயே தொடங்கினேன். பன்னிரண்டு சில்லுகளால் விளைமீன் செதில் சீவி, கழுவாமல் ஒரு தகர ரின்னில் வைத்தேன். மீன் வெட்டிய கல்லில் என்ன மிஞ்சும் என்று தெரிந்தால்தான், நிலத்தில் கிடைக்கும் பழைய கல் எதை வெட்டியது என்று சொல்லலாம். மூன்று நாளில் பேராசிரியர் பார்க்க வருவார். அவை இல்லையென்றால் ஒரு வருஷப் படிப்பு போச்சு.

அதற்குள் நல்லூர்க் கோயில் கொடியேற்றம் வந்தது. இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மீன் மச்சம் இல்லை. முதல் நாளே மீன்சட்டியெல்லாம் கழுவி வெளியே போய்விடும். நான் கடைக்குப் போய் வந்தபோது வீடு முழுக்க மஞ்சள் மணம்.

"உங்கடை நாத்தக் கல்லுகளையும் கழுவிப்போட்டன்," என்றாள் மனைவி பெருமையாக. "பன்ரண்டையும் மஞ்சள் தண்ணியிலை ஊறவிட்டு, பிறஷ் போட்டுத் தேய்ச்சனான்."

"அதிலை ஒட்டியிருந்ததுதானப்பா என்ரை படிப்பு!" என்று கத்தினேன்.

மறுநாள் விரதச் சோறு போடும்போது சமாதானத்துக்கு வந்தாள். "கோவிக்காதேங்கோ. சின்னக் கல்லாலைதான் இந்த வாழைக்காயை வெட்டினனான். கத்தி தோத்துப்போகும்."

கறி நன்றாகத்தான் இருந்தது. கோபத்தோடேயே இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு நப்பாசையில் அந்தச் சின்னக் கல்லை, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். மேலே வாழைக்காய்க் கயர்க் கறை. அதற்கும் கீழே, வெடிப்புக்குள், மினுமினுவென்று மீன் செதில். மற்றக் கற்களின் வெடிப்பிலும் மீன் செதில் இருந்தது. என் படிப்பு பிழைத்தது மட்டுமல்ல, கழுவினாலும் மீன் போகாது என்ற புதுச் சங்கதியும் கிடைத்திருந்தது. சந்தோஷத்தில் துள்ளவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அவள் வாசலில் நிற்பதைக் கண்டேன். கண் கலங்கியிருந்தது. "இஞ்சாருங்கோ, ஒண்டும் மிஞ்சேல்லையோ?"

மிஞ்சவில்லை என்று சொன்னால், என் படிப்பைத் தானே கெடுத்துவிட்டதாக அழுவாள். மீன் இருக்கிறது என்றால், விரதச் சோற்றோடு அதையும் சாப்பிட்டோம் என்று என்னையும் சேர்த்துத் தலைமுழுக வைப்பாள்.

"வாழைக்காய் வடிவாத் தெரியுதப்பா," என்றேன். "நீ வெட்டினபடியாலைதான்."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப மற்றக் கல்லுகளாலை நாளைக்குக் கத்தரிக்காய் வெட்டித் தாறன்," என்று ரின்னைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.